மூளை அலைகளும் ஆட்டிசக் குழந்தைகளும்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த அறையில் யாரேனும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் அந்தச் சிறு ஓசைக்கு ஓடி வந்துவிடுகிறது. காது கேளாத குழந்தை என்று இதை எப்படிச் சொல்வது? பொம்மைக் காரை உருட்டி விளையாடாமல், அதன் ஒரு சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் நாற்காலி ஓரடி நகர்ந்திருந்தாலும் அழுகிறது. இத்தகைய குழந்தைகளைப் பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அவர்கள் மனத்தில் நிற்கும் கேள்வி ஒன்றே: "இந்தக் குழந்தையின் தலைக்குள் என்னதான் நடக்கிறது?" அக்கேள்விக்கு மூளையின் மின்னலைகளை அளந்து விடை தேடியவர்களின் கதையையே இக்கட்டுரையில் நாம் காணப்போகிறோம்.

ஆட்டிசம் என்பது இந்நிலையின் பெயர். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்பது பொருள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த லியோ கான்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். உலகம் ஆட்டிசத்தை அறிந்துகொண்டது அக்கட்டுரையின் வழியாகத்தான். அவருக்கும் முன்னதாக, 1925இலேயே, மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே போன்ற ஆறு சிறுவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதியிருந்தார். அவர் பெயரைப் பலரும் நெடுங்காலம் மறந்தே போனார்கள்.

கான்னர் அக்குழந்தைகளிடம் கண்டது உண்மை. ஆனால் அவர்களுடைய பெற்றோரைப் பற்றி அவர் எழுதிய சில வரிகள் பின்னர் பெருந்தீங்காய் முடிந்தன. இப்பெற்றோரில் பலர் படித்தவர்கள், குழந்தையிடம் அதிக ஒட்டுதல் காட்டாதவர்கள் என்று அவர் குறித்தார். அந்தப் பொறியைப் பிறர் ஊதிப் பெருக்கினார்கள். தாயின் அன்பு போதாமையால் குழந்தை தனக்குள் சுருங்கிவிடுகிறது என்றார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பட்டப் பெயரே வழங்கலாயிற்று. சிக்காகோவைச் சேர்ந்த ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மக்களிடையே பரப்பியது. ஏற்கனவே இரவெல்லாம் உறங்காத குழந்தையோடு விழித்திருக்கும் ஒரு தாயிடம், "இது உன்னால் வந்தது" என்று மருத்துவமே சொல்லுமானால் அவள் எங்கே போவாள்?

இக்கருத்தை முதலில் நூலெழுதி எதிர்த்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலறிஞராகப் பணியாற்றிய அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1964இல் வந்த அவர் நூல், இது மூளையின் அமைப்பில் உள்ள வேறுபாடே அன்றித் தாயின் குற்றமன்று என வாதிட்டது. லண்டனில் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். சிறு வயதில் வலிப்பே இல்லாத சில குழந்தைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதை ஒட்டி வலிப்பு தோன்றியதை அவர்கள் கண்டார்கள். வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டத்தில் நேரும் கோளாறு. தாய் முகம் கொடுக்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் வலிப்பு வருவதில்லை அல்லவா? 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. பிறவியிலேயே இதற்கு வேர் உண்டு என்பது தெளிவாயிற்று. கான்னரும் 1969இல் பெற்றோர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் பேசியபோது, பெற்றோர்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். ஆனாலும் அந்தப் பழி முற்றும் மறைய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

இனி மூளை அலைக்கு வருவோம்.

மூளையில் மின்சாரம் உண்டு என்பதை 1875ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ரிச்சர்ட் கேட்டன் என்ற மருத்துவர் முயல்களிடமும் குரங்குகளிடமும் கண்டறிந்தார். மனிதரின் மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரிலிருந்த ஹான்ஸ் பெர்கர். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில் வெகு தொலைவிலிருந்த அவருடைய தமக்கைக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனத்தில் பட, தந்தையை வற்புறுத்தித் தந்தி கொடுக்கச் செய்தாராம். எண்ணங்கள் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பயணம் செய்கின்றனவோ என்ற ஐயமே பெர்கரை இத்துறையில் இறக்கிவிட்டது. அவர் தேடியது கிடைக்கவில்லை. கிடைத்ததோ அதனினும் பயனுள்ளது. 1924இல் முதற் பதிவை எடுத்தவர், ஐந்தாண்டுகள் தம் மகன் உள்பட பலரிடம் சோதித்துப் பார்த்து, 1929இல்தான் அதை வெளியிட்டார். அப்போதும் யாரும் எளிதில் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் என்பவரும் அவருடைய தோழர் மேத்யூஸும் தங்கள் தலையிலேயே சோதித்து உண்மையென ஒப்பிய பிறகே பெர்கரின் பெயர் நிலைத்தது. அச்சோதனையில் அவர்களோடு ஒரு நீர்வண்டும் இடம் பெற்றது என்பது வேடிக்கையான செய்தி!

மூளை அலை என்பது என்ன? மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது நுண்ணிய மின்மாற்றம் உண்டாகிறது. ஓர் அணுவின் மின்மாற்றம் மண்டையோட்டைக் கடந்து வெளியே தெரியாது. காலைக் கூட்டத்திற்கு முன் நம் பள்ளி முற்றத்தில் மாணவியர் எல்லாரும் தத்தம் தோழியரோடு பேசிக்கொண்டிருந்தால், மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு வெறும் இரைச்சலே கேட்கும். அதே மாணவியர் ஒரே குரலில் பாடத் தொடங்கினால் சாலையில் செல்வோரும் நின்று கேட்பார்கள். அதுபோலவே, ஆயிரமாயிரம் அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போதுதான் அவற்றின் மின்னோட்டம் தலையின் தோல்வரை வந்து சேர்கிறது.

வந்து சேருவதும் மிகச் சொற்பமே. சாதாரண டார்ச் விளக்கு பாட்டரி ஒன்றின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். தலைத்தோலில் நாம் அளக்கும் அழுத்தம் ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். அதாவது அந்தப் பாட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதைப் பிடித்துப் பெருக்கிக் காட்டும் கருவியே இ.இ.ஜி. எனப்படும் மின்மூளை வரைவி. நெற்றி முதல் பிடரி வரை குறிப்பிட்ட இடங்களில் சிறு உலோக வில்லைகளைக் களிம்பு தடவிப் பொருத்துகிறார்கள். எந்த இடத்தில் பொருத்துவது என்பதற்கு 1958இல் உலகப் பொது முறை ஒன்று வகுக்கப்பட்டது. மூக்கின் மேற்புறத்திலிருந்து பிடரி எலும்பு வரை உள்ள தூரத்தைப் பத்து, இருபது விழுக்காடுகளாகப் பகுத்து இடம் குறிப்பதால் 'பத்து-இருபது முறை' என்று அதற்குப் பெயர். கருவி மூளையிலிருந்து வருவதைக் கேட்கிறதேயன்றி மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கைக்குழந்தைக்கும் செய்யலாம் என்பது இதன் பெரும் நன்மை.

வினாடிக்கு எத்தனை முறை அலை எழுந்து தாழ்கிறது என்பதைக் கொண்டு கிரேக்க எழுத்துக்களால் பெயரிட்டிருக்கிறார்கள். நான்குக்கும் குறைவானால் டெல்டா. இது ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதி. நான்கு முதல் எட்டு வரை தீட்டா, எட்டு முதல் பதின்மூன்று வரை ஆல்ஃபா, அதற்குமேல் முப்பது வரை பீட்டா, அதையும் தாண்டினால் காமா. விழித்த நிலையில் கண்ணை மூடி அமைதியாக இருந்தால் பிடரிப் பக்கம் ஆல்ஃபா அலை நன்கு எழும். கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். மூன்று வயதில் வினாடிக்கு எட்டாக இருக்கும் இவ்வலை, பத்துப் பன்னிரண்டு வயதில் பத்தை எட்டுகிறது. எனவே குழந்தையின் பதிவை அதே வயதுக் குழந்தையின் பதிவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆட்டிச ஆராய்ச்சியில் இன்னொரு உத்தி பெரிதும் உதவுகிறது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டுகிறோம். அந்தக் கணத்தில் மூளை எவ்வாறு விடை அளிக்கிறது என அறிய விரும்புகிறோம். அந்த விடையின் அளவு சில மைக்ரோவோல்ட்தான். சுற்றிலும் மற்ற அலைகளின் ஆரவாரம். ஒரு முறை காட்டினால் ஒன்றும் தெரியாது. ஆகவே நூறு முறை காட்டி, நூறு பதிவுகளையும் படம் தோன்றிய கணத்திலிருந்து வரிசைப்படுத்திச் சராசரி எடுக்கிறார்கள். தொடர்பில்லாத அலைகள் ஒரு முறை மேலும் ஒரு முறை கீழுமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. முகத்திற்குரிய விடை மட்டும் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வருவதால் நிலைத்து நிற்கிறது. நூறின் வர்க்கமூலம் பத்து என்பதை நினைவில் கொண்டால் கணக்கு விளங்கும். நம் கணக்குப் பாடத்திற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு!

இவ்வாறு பார்க்கையில், முகத்தைக் கண்டவுடன் சுமார் 170 மில்லி வினாடியில், அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்குள், தலையின் பின்பக்கவாட்டில் ஒரு பள்ளம் விழுகிறது. எதிர்மின் திசையில் விழுவதால் இதை என்-170 என்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்டும் ஜெரல்டின் டாசனும் பிறரும் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் முகங்களையும் மேசை நாற்காலி போன்ற பொருள்களையும் காட்டிப் பதிவு செய்தார்கள். முகத்திற்கு மட்டும் அவர்கள் மூளையின் விடை சற்றுத் தாமதமாக வந்தது. தாமதம் ஒரு வினாடியின் மிகச் சிறிய பின்னம்தான். ஆனால் வகுப்பில் ஒரு தோழி புருவத்தை உயர்த்துவதும், உதட்டைச் சுழிப்பதும், பார்வையை மாற்றுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்திப் பிடிக்க வேண்டியிருப்பவருக்கு உரையாடல் எவ்வளவு களைப்பைத் தரும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். முகத்தைப் பாராதிருப்பதை அவர்களுடைய ஆணவம் என்றோ அன்பின்மை என்றோ கொள்வது சரியன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரனின் பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே, உச்சந்தலையின் இருபுறமும், 'மியூ' என்றோர் அலை உண்டு. கையை அசைத்தால் அது அடங்கும். கையை அசைக்காமல் பிறர் அசைப்பதைப் பார்த்தாலும் அடங்கும். 1954இல் பிரான்சில் ஆன்ரி காஸ்டோ என்பவர் திரைப்படத்தில் குத்துச்சண்டையைக் காட்டியபோது, நாற்காலியில் சும்மா அமர்ந்திருந்தவர்களின் மூளையில் இவ்வலை அடங்கியதைக் கண்டார். 1992இல் இத்தாலியின் பார்மா நகரில் ரிட்சொலாட்டி குழுவினர், குரங்கின் மூளையில் தான் ஒன்றை எடுக்கும்போதும் பிறர் எடுப்பதைக் காணும்போதும் ஒரே விதமாய் இயங்கும் அணுக்களை அறிவித்தனர். 'கண்ணாடி நரம்பணு' என்ற அழகிய பெயர் அவற்றுக்குக் கிடைத்தது.

இரண்டையும் இணைத்து 2005இல் லிண்ட்சே ஓபர்மன், ராமச்சந்திரன், பினேடா ஆகியோர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆட்டிசம் உள்ள 10 பேர். இல்லாத 10 பேர். தம் கையை அசைத்தபோது இரு சாராருக்கும் மியூ அடங்கியது. பிறர் கை அசைவதைப் பார்த்தபோதோ, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடங்கவில்லை. பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. 'உடைந்த கண்ணாடி' என்று தலைப்பிட்டு எழுதினார்கள். ஆட்டிசத்தின் மர்மம் விடுபட்டது என்றே பலர் எண்ணினர்.

விஞ்ஞானம் ஒரு சோதனையோடு நின்றுவிடுவதில்லை. 2008இல் அதே குழுவினரே குழந்தைகளைக் கொண்டு மீண்டும் சோதித்தபோது, அசைவது அந்நியரின் கையாக இராமல் பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரின் கையாக இருந்தால், ஆட்டிசக் குழந்தைகளின் மியூ அலையும் அடங்குவதைக் கண்டார்கள்! இச்செய்தி முதற்செய்தியினும் பெரிது என்பது நம் கருத்து. ஆனால் அதற்கு அத்தனை ஆரவாரம் இல்லை. 2010இல் வேறொரு குழுவினர் ஆட்டிசம் உள்ளவர்களிடமும் மியூ ஒழுங்காகவே அடங்குவதாக அறிவித்தார்கள். 2016இல் ஹன்னா ஹாப்சனும் டாரதி பிஷப்பும், மியூ அலை பிடரிப் பக்கத்து ஆல்ஃபா அலையோடு கலந்துவிடுவதால் அதைக் கண்ணாடி அணுக்களின் நம்பகமான அளவுகோலாகக் கொள்ள முடியாது எனக் காட்டினர். பத்துப் பேரைக் கொண்டு செய்த சோதனையின்மேல் அவ்வளவு பெரிய மாளிகை எழுப்பியிருக்கலாகாது. எனினும் அச்சோதனையே நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளைத் தூண்டிவிட்டது என்பதையும் மறுக்க இயலாது.

கைக்குழந்தைகளுக்கு வருவோம். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்பிறக்கும் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என 2011இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இத்தகைய தம்பி தங்கையரைப் பிறந்தது முதல் தொடர்ந்து பார்க்கிறார்கள். 2012இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வில் 104 குழந்தைகள் பங்கு பெற்றனர். ஆறு முதல் பத்து மாத வயதில், தங்களை நோக்கித் திரும்பும் கண்களையும் வேறுபுறம் விலகும் கண்களையும் அவர்களுக்குக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகளின் மூளை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று அறியப்பட்ட குழந்தைகளிடம் அந்த வேறுபாடு குறைவாயிருந்தது. வெளிப்பார்வைக்கு எந்த அறிகுறியும் தெளியாத வயதில் கிடைத்த செய்தி இது. ஆயினும் இது குழுவின் சராசரி. மடியில் இருக்கும் ஒரு தனிக் குழந்தையைச் சுட்டி, "இவளுக்கு வரும், இவளுக்கு வராது" என்று கூற இது போதாது.

பெற்றோர் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். மூளை அலையை மட்டும் பார்த்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்று தீர்ப்புக் கூறும் சோதனை எதுவும் இன்றுவரை இல்லை. குழந்தையின் பேச்சு, விளையாட்டு, பழகும் முறை ஆகியவற்றைத் தேர்ந்த மருத்துவர் நேரில் பார்த்தும் பெற்றோரைக் கேட்டுமே முடிவு செய்கிறார். மருத்துவர் இ.இ.ஜி. எடுக்கச் சொல்வது பெரும்பாலும் வலிப்பு உண்டா எனக் காணத்தான். அது அவசியமான காரியம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 150 பேரை வளர்ந்து பெரியவர்களாகும் வரை கவனித்ததில் 22 சதவீதத்தினருக்கு வலிப்பு தோன்றியிருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அது தொடங்கியது பத்து வயதுக்குப் பின். வலிப்பு என்றால் கை கால் உதறல் மட்டுமன்று. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை சில வினாடிகள் விழித்தபடியே உறைந்து நின்று, பிறகு ஒன்றும் நடவாதது போலத் தொடர்வதும் வலிப்பாக இருக்கலாம். பகற்கனவு என்று அதட்டுவதற்கு முன் ஆசிரியைகள் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. மாறாக, மூளை அலையைப் 'பயிற்றுவித்து' ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக வரும் விளம்பரங்களுக்கு உறுதியான சான்று இல்லை. அவற்றுக்குப் பணத்தை இறைப்பதைவிட அதே பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடலாம்.

பின் மூளை அலையால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் பல வகையினர் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிய இது உதவும் என்பதே இன்றைய நம்பிக்கை. அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய பெரும் ஆராய்ச்சியில், ஐந்து இடங்களில், ஆறு முதல் பதினோரு வயது வரையுள்ள 280 ஆட்டிசக் குழந்தைகளும் 119 பிற குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, முன்பு நாம் பார்த்த என்-170 அளவைத் தன் தகுதி ஆய்வுத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. புதிய சிகிச்சை ஒன்றைச் சோதிக்கும்போது, முகத்தைக் காண்பதில் தாமதம் உள்ளவர்களைத் தனியே வகைப்படுத்தலாமா என்பதற்கே அது, நோயறிவதற்கன்று.

இவ்வாராய்ச்சிகளில் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. தலையில் குல்லாய் மாட்டி, களிம்பு தடவி, கண் சிமிட்டாமல், தலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் நல்ல பதிவு கிடைக்கும். ஆட்டிசக் குழந்தைகளில் பலருக்குச் சட்டையின் கழுத்துப்பட்டி உரசினாலே பொறுக்காது. ஆகவே உட்கார முடிந்தவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள் ஆகியோரின் பதிவே மிகுதியாகச் சேர்ந்தது. பேச்சே வராத, அதிகம் துன்பப்படும் குழந்தைகள் விடுபட்டுப் போனார்கள். இப்போது களிம்புக்குப் பதில் உப்புநீரில் நனைத்த பஞ்சு வைத்த வலைக் குல்லாய்கள் வந்துள்ளன. சோதனைக்குச் சில நாட்கள் முன்பே ஒரு குல்லாயை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தாய் தன் தலையிலும் பொம்மையின் தலையிலும் மாட்டிக் காட்டிப் பழக்குகிறார்கள். என்ன நடக்கும், எதற்குப் பின் எது என்பதைப் படங்களாக வரைந்து காட்டுகிறார்கள். அவசரப்படுத்தாவிட்டால் முன்பு 'முடியாது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பலரும் உட்காருகிறார்கள்.

விடுபட்ட இன்னொரு கூட்டத்தார் சிறுமியர். கான்னரின் 11 பேரில் மூவர் பெண் குழந்தைகள். ஆண் குழந்தைகளிடமே ஆட்டிசம் அதிகமாகக் கண்டறியப்படுவதால், ஆராய்ச்சியாளர் பலர் எளிமை கருதி ஆண்களை மட்டுமே சேர்த்தனர். சிறுமியரோ தோழியரைப் பார்த்து அவர்கள் சிரிக்கும்போது சிரிக்கவும், தலையாட்டும்போது தலையாட்டவும் கற்றுக்கொண்டு, வகுப்பில் 'கூச்சமுள்ள நல்ல பெண்' என்ற பெயரோடு பல ஆண்டுகள் கடந்துவிடுகிறார்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் அடக்கி வைத்ததெல்லாம் அழுகையாக வெளிப்படுவதைத் தாய் மட்டுமே அறிவாள். இதைச் சுகரேவா அன்றே கவனித்திருந்தார் போலும். 1927இலேயே சிறுமியரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதினார். அது ஆங்கிலத்தில் வெளிவந்தது 2020ஆம் ஆண்டில்.